நெருப்பை யாரிடம் வாங்குகிறீர்கள்?

பணி ஓய்வு பெற்ற அன்று எங்கள் சுகாதார நிலையத்தில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸும் தேநீரும் கொடுத்து என்னை வழியனுப்பினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புதிதாக வேலைக்கு வந்த மருத்துவச்சிப் பெண் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். முன்பெல்லாம் நீங்கள் வீடு வீடாகப் போய்க் குளிர் காக்க வழி சொன்னீர்களாமே, ரங்கூனில் குளிர் எங்கே இருக்கிறது என்றாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருடத்தில் பத்து மாதம் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வேலை பார்க்கிற ஊர் இது. மின்சாரம் நின்று விசிறி ஓய்ந்தால்தான் இங்கே எல்லாருக்கும் கவலை.

அவளுக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கையில் தட்டு இருந்தது, பேச வருகிறவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பதிலைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத எழுத அது என்னைப் பற்றியதாக இல்லாமல் டோ மியா யீயைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. அப்படித்தான் ஆக வேண்டும்.

என் அப்பா ஒரு மரக் கம்பெனி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மிஷன் பள்ளியில் படித்தேன், மருத்துவச்சிப் பயிற்சி முடித்தேன், நகரத்துக்குள் ஒரு பிரசவ விடுதியில் பல வருடம் வேலை பார்த்தேன். அங்கே சுவர் இருந்தது, கதவு இருந்தது, கொதிக்கும் வெந்நீர் கேட்டவுடன் வந்தது. எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்த கலக்கம் அடங்கிய பிறகு, நகரத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்களை ஆற்றுக்கு அப்பால் லைங் தாயாவில் குடியேற்றினார்கள். அங்கே மருத்துவச்சி போதவில்லை என்று என்னை மாற்றினார்கள். நாற்பது வயதில் முதல் முறையாகச் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி டோ மியா யீ. என்னைவிடச் சில வயது மூத்தவர். நாங்கள் அவரை சயாமாஜீ என்று கூப்பிடுவோம். பர்மாவில் டீச்சரும் சயாமாதான், நர்சும் சயாமாதான். அவர்களில் பெரியவருக்கு சயாமாஜீ. கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்தின் மெல்லிய பூச்சு, இறுக்கி முடிந்த கொண்டை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பர்மியத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதல் நாள் என்னை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். முந்தின நாள் பிள்ளை பெற்ற பெண் அங்கே இருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போகப் பார்த்தேன். அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். பிறகு வீட்டை வெளிப்பக்கமாகச் சுற்றி நடந்தார். மூங்கில் தட்டிச் சுவர். உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தடவிக்கொண்டே போனார். சில இடங்களில் நின்று, குனிந்து, முட்டியளவு உயரத்தில் கையை வைத்துப் பார்த்தார். என்ன பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. காற்று எங்கே நுழைகிறதோ அங்கேதான் குழந்தை படுத்திருக்கும், ஏனென்றால் அந்த மூலையில்தான் இடம் காலியாக இருக்கும் என்றார். உள்ளே போனோம். அவர் சொன்ன மூலையில்தான் பாய் விரித்திருந்தது.

அந்த வீட்டில் கதவு, சன்னல் எல்லாவற்றையும் இறுக்கி மூடியிருந்தார்கள். பிள்ளை பெற்றவள் நெருப்புக் காய வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். நம்மவர்களிடமும் அது உண்டு. கட்டிலுக்கு அடியில் கணப்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. தாய்க்குத் தலைவலி, குமட்டல். சயாமாஜீ யாரையும் திட்டவில்லை. காய்வது நல்லதுதான், ஆனால் அடுப்பு வெளியே இருக்கட்டும், சூடு மட்டும் உள்ளே வரட்டும் என்று சொல்லிச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார். மேல் சன்னலைத் திறந்தார். இரண்டு செங்கல்லைக் கொண்டுவரச் சொல்லிக் கரியின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றினார். பழைய துணியில் ஒவ்வொரு கல்லையும் பல சுற்றாகச் சுற்றினார். சுற்றியதைத் தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொறுக்க முடிந்த பிறகும் இன்னொரு சுற்றுச் சுற்றினார். பிறகு தாயின் கால்மாட்டில், தோலில் படாமல், ஒரு சாண் தள்ளி வைத்தார். குழந்தையின் படுக்கைக்கு வேறு முறை. முதலில் கல்லை வைத்துப் படுக்கையைச் சூடாக்க வேண்டும். குழந்தையைக் கிடத்துவதற்கு முன்னால் கல்லை எடுத்துவிட வேண்டும். இதில் மட்டும் அவர் மறதிக்கு இடம் கொடுக்க மாட்டார். எடுத்த கல்லைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குழந்தையை வாங்கிக் கிடத்துவார்.

குளிரை அளக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. வெப்பமானி எங்களிடம் உண்டு, ஆனால் அடிக்கடி உடையும். ஆகவே புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வைப்பார், பிறகு பாதத்தில் வைப்பார். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே சில்லிட்டிருந்தால் அதற்குப் போராடத் தெம்பு தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் அதைக் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்பார். நெருப்பை யாரிடம் வாங்குகிறீர்கள்?

இந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தப் பக்கம் அநேக வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. சமையலுக்கும் வெந்நீருக்கும் கணப்புக்கும் கரிதான். டெல்டாப் பக்கத்திலிருந்து படகில் மூட்டை மூட்டையாகக் கரி வந்து ஓடைத் துறையில் இறங்கும். மூட்டையாக வாங்கினால் விலை மலிவு. ஆனால் மூட்டைக்கு ஒரே தடவையாகக் காசு எடுத்து வைக்க யாராலும் முடியாது. ஆகவே சின்னச் சின்னப் பொட்டலமாக, அன்றன்றைக்கு வாங்குவார்கள். அப்படி வாங்கினால் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. அதுவும் கடன். கடனுக்கு வட்டி. குளிர் மாதங்களில் கரி அதிகம் தேவைப்படும், கடனும் அதிகமாகும். பிள்ளை பிறந்த வீட்டில் இரண்டும் சேர்ந்து வரும். அரிசிக் கடன் பற்றி வெளியே சொல்லுவார்கள். கரிக் கடன் பற்றிச் சொல்ல வெட்கப்படுவார்கள். அதனால்தான் அவர் கடன் எவ்வளவு என்று கேட்காமல், யாரிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் மீதியும் தானாக வந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்த வீட்டுக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜனவரி மாதம். அந்த வருடம் ஆற்றுப் பக்கமிருந்து விடியற்காலையில் பனி வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. மூர்த்தி என்று ஒரு தமிழ்ப் பையன், சைக்கா மிதிப்பவன். பக்கத்தில் ஆள் உட்காரும் இருக்கை வைத்த மூன்று சக்கர வண்டியைத்தான் இங்கே சைக்கா என்பார்கள். அவன் மனைவி மா சான் பர்மியப் பெண், துணி தைக்கும் ஆலையில் வேலை. அவளுக்கு மாதம் நிறைவதற்கு முன்னாலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் பார்த்து, மூச்சு நன்றாக இருக்கிறது, பாலும் மெள்ள மெள்ள உறிஞ்சுகிறது, குழந்தையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சில நாளில் அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். கதகதப்பாக வைத்துக்கொள்வதற்குத்தான் அந்த வீட்டில் எதுவுமில்லை.

நானும் சயாமாஜீயும் காலையில் அந்த வீட்டுக்குப் போனபோது தெருமுனையிலேயே ஒரு நாற்றம் வந்தது. கரிந்த நைலான் நாற்றம். வீட்டுக்குள் கறுப்புப் புகை. மா சான் ஆலையிலிருந்து கொண்டுவந்து சேர்த்து வைத்திருந்த வெட்டுத் துணிகளை மூர்த்தி ஒரு தகர டப்பாவில் போட்டு எரித்துக்கொண்டிருந்தான். சயாமாஜீ தகரத்தை வெளியே எடுத்து அணைத்துவிட்டு, குழந்தையின் வயிற்றில் புறங்கையை வைத்தார். பாதத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் வைத்துப் பார்த்தேன். பாதம் ஈரக் கூழாங்கல்லைப் போல இருந்தது. வயிற்றில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

மூர்த்திக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச்சு தடுமாறும். என்னிடம் மட்டும் மரியாதைக்காகத் தமிழில் பேசுவான்.

"ஊ போ சீன் இனிமே கரி இல்லேன்னுட்டாரு அக்கா. பழசைக் கட்டிட்டு வாங்கிக்கச் சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும், இருக்கிறதை எரிக்கிறேன்."

ஊ போ சீன் ஓடைத் துறைக் கரிக்கடைக்காரர். அந்தப் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் அவரிடம்தான் கடன்.

சயாமாஜீ முதலில் குழந்தைக்கு வழி பார்த்தார். மா சானைச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னார். அவளுடைய ரவிக்கையை அவிழ்க்கச் சொல்லி, குழந்தையின் துணியை எல்லாம் எடுத்துவிட்டு, இடுப்புத் துணி மட்டும் வைத்து, தாயின் மார்புக்கு நடுவில் தவளையைப் போலக் கைகால் மடங்கியிருக்கும்படி ஒட்ட வைத்தார். முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும், மூக்கு மூடக்கூடாது. பிறகு ஒரு லுங்கியால் இருவரையும் சேர்த்து, குழந்தையின் காது வரைக்கும் வருகிற மாதிரி இறுக்கிக் கட்டினார். தலையில் சூடு போகாமல் இருக்க ஆலைத் துணியிலேயே ஒரு குல்லா தைக்கச் சொன்னார். இந்த முறையை அவர் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தார். அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நேரம் போகப் போகக் குழந்தையின் பாதம் நிறம் மாறியது. மா சான் அழுதாள். இவ்வளவுதானா, இதற்குக் காசு வேண்டாமா என்று கேட்டாள்.

எரித்ததுபோக மீதி வெட்டுத் துணிகள் மூன்று சாக்கு நிறைய இருந்தன. அதை எரிக்கவா வைத்திருந்தாய் என்று சயாமாஜீ சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு சாக்கை அடைத்து மெத்தையாகத் தைத்தோம். இன்னொன்றைத் திரி திரியாக முறுக்கி, மூங்கில் தட்டியின் கீழ்ப்பக்கத்து இடைவெளிகளில் ஓலைக்குச்சியால் திணித்தோம். மேல் சன்னலை மட்டும் அப்படியே விட்டோம். மதியத்துக்குள் அந்த மூலையில் காற்று நின்றுவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் அதைக் கஷ்டமான கேஸ் என்று சொல்ல மாட்டேன். அடுத்த சில நாளில் மா சானுக்கு மார்பில் பால் கட்டி, நெருப்பாகக் காய்ச்சல். எங்கள் வட்டார டாக்டர் தன் சைக்கிளிலேயே வந்து பார்த்து மருந்து கொடுத்தார். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்றார். ஆனால் அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு உட்காரத் தெம்பில்லை. பால் கொடுக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் குழந்தையை யார் சுமப்பது?

சயாமாஜீ மூர்த்தியைப் பார்த்தார். சட்டையைக் கழற்று என்றார்.

அவன் கேட்காதது போல நின்றான். மறுபடியும் சொன்னார். அவன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்: "ஆம்பளை எப்படிக்கா மார்ல கட்டிக்கிறது? தெருவே சிரிக்கும். நான் வண்டிக்குப் போகாட்டி சோறும் இல்லே."

நான் மொழிபெயர்த்தேன். அவர் முகம் மாறவில்லை. தெரு சிரிக்கட்டும், சிரித்து முடித்ததும் உதவி செய்யும் என்றார். வண்டியைப் பற்றி நாளைக்குப் பேசலாம், குழந்தைக்கு இன்றைக்கே சூடு வேண்டும் என்றார். மூர்த்தி மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். சட்டையைக் கழற்றினான். எலும்பும் நரம்பும் தெரிகிற மார்பு. கைகழுவி, மார்பை வெந்நீர்த் துணியால் துடைத்து, குழந்தையை வைத்துக் கட்டினேன். அவன் மூச்சு விடவே பயந்து, மரம் மாதிரி உட்கார்ந்திருந்தான். நன்றாக மூச்சு விடு, அந்த அசைவு குழந்தைக்கு நல்லது என்றார் சயாமாஜீ.

தெரு சிரிக்கத்தான் செய்தது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் மறுநாளே எதிர்வீட்டு இளைஞன் ஒருவன் வந்து சைக்காவைத் தான் ஓட்டுவதாகவும், வண்டிச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டிய தினவாடகை போக மீதியில் பாதி தருவதாகவும் சொன்னான். அவன்தான் முதலில் அதிகமாகச் சிரித்தவன்.

இனி கரிக்கடை. செங்கல் சூடாக்கவும், வெந்நீர் வைக்கவும், கஞ்சி காய்ச்சவும் கரி இல்லாமல் முடியாது. சயாமாஜீ என்னையும் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனார். ஊ போ சீன் பனியனோடு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. படகுக்காரனுக்கு ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர், வீட்டுக்காரர்களுக்குக் கடனுக்கு விற்கிறவர். நடுவில் மாட்டிக்கொண்டு வட்டியால் மூச்சு விடுகிறவர். நாங்கள் வந்த காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, கடனைத் தள்ளிவிடச் சொல்ல வந்திருந்தால் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"தள்ளச் சொல்லலை. அது இனிமே வளரக்கூடாது. அப்படியே நிக்கட்டும். மா சான் ஆலைக்குத் திரும்பினதும் சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுவா."

ஊ போ சீன் யோசித்தார். பிறகு, நீங்கள் ஜாமீன் நிற்கிறீர்களா என்று கேட்டார். சயாமாஜீ சரி என்பார் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"மாட்டேன்," என்றார் சயாமாஜீ. "ஒரு வீட்டுக்கு நின்னா எல்லா வீட்டுக்கும் நிக்கணும். அப்புறம் என்னைக் கண்டா உங்களைக் கண்ட மாதிரி கதவைச் சாத்துவாங்க. எனக்கு அந்த வீட்டுக்குள்ள போற வழி வேணும்."

ஊ போ சீன் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு என்ன நம்பிக்கை இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சயாமாஜீ தாழ்ந்த குரலில் அவருக்கே தெரிந்த ஒன்றை எடுத்துச் சொன்னார். போன குளிர்காலத்தில் கடன் ஏறிப் போன குடும்பங்கள் சில சொல்லாமல் கொள்ளாமல் ஷ்வேப்யிதா பக்கம் போய்விட்டன. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஆட்கள் அந்த இடத்தில் இருக்க மாட்டார்கள், அவர்களோடு கடனும் போய்விடும். குழந்தை பிழைத்தால் தாய் வேலைக்குப் போவாள், வேலைக்குப் போனால் இங்கேயே இருப்பாள். அந்தத் தெருவில் ஐந்தாறு வீடுகளைச் சேர்த்து, வாரம் ஒரு மூட்டை ரொக்கத்துக்கு வாங்கவும் தான் பேசியிருப்பதாகச் சொன்னார். பொட்டலம் கட்டுகிற வேலையும் மிச்சம், கடன் எழுதுகிற வேலையும் மிச்சம்.

ஊ போ சீன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். வட்டியை நிறுத்துகிறேன், புதிதாகக் கடன் மட்டும் தர மாட்டேன் என்றார். சயாமாஜீ அதற்கு மேல் கேட்கவில்லை. நன்றி சொல்லி எழுந்தார்.

அப்போதுதான் நான் அந்தக் கடைத் தரையைப் பார்த்தேன். மூட்டைகளுக்கு அடியில் கணுக்கால் ஆழத்துக்குக் கரித்தூளும் பொடித் துண்டுகளும் கிடந்தன. ஒரு ஆள் அதை வாரிக் கூடையில் போட்டு ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் எங்கள் அம்மா கரித்தூளை வீணாக்க விடமாட்டார். சலித்து, கொஞ்சம் களிமண் சேர்த்து, சோறு வடித்த கஞ்சி விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைப்பார். சயாமாஜீயிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் உடனே திரும்பி, அந்தத் தூளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஊ போ சீனுக்கு அது குப்பை. வாருகிற கூலி மிச்சம் என்று கொடுத்துவிட்டார்.

மூர்த்தி வீட்டு வாசலில் தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து உருண்டை பிடித்தோம். முதல் தடவை களிமண்ணை அதிகமாகப் போட்டுவிட்டேன், உருண்டை பற்றவே இல்லை. இரண்டாம் தடவை சரியாக வந்தது. எலுமிச்சம்பழ அளவு, நல்ல வெயிலில் கல் மாதிரி காய வேண்டும். நல்ல கரி ஒரு துண்டின் மேல் நாலு உருண்டை வைத்தால், சாம்பல் போர்த்துக்கொண்டு வெகுநேரம் கனலும். செங்கல்லுக்கு அது போதும். சயாமாஜீயும் லுங்கியை முழங்காலுக்கு இழுத்துக் கட்டி உட்கார்ந்து உருட்டினார். கன்னத்தில் தனகாவின் மேல் கரி அப்பியிருந்தது. எங்களில் யாரோ சொன்னதும் புறங்கையால் துடைத்து இன்னும் பெரிதாக்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

குழந்தை பிழைத்தது. சுலபமாக அல்ல. நடுவில் ஒரு நாள் பால் குடிக்காமல் துவண்டு போனது. பீய்ச்சிய பாலைக் கரண்டி நுனியில் எடுத்து, உதட்டோரம் ஒவ்வொரு துளியாக விட்டு, விழுங்கும்வரை பொறுத்து, மறுபடி விட்டு, பொழுது முழுக்க அதே வேலையாக இருந்தோம். மூர்த்தி அசையாமல் உட்கார்ந்திருந்தான். அன்று மாலையில் குழந்தை அவன் மார்பில் காலால் உதைத்தது. அவன் எங்களைக் கூப்பிடவில்லை. தலையைக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மா சானின் காய்ச்சல் இறங்கிய பிறகும், அவள் கேட்டால் மட்டுமே குழந்தையைக் கொடுத்தான். ஆலைத் துணிக் குல்லாவும் கட்டிய லுங்கியுமாகத் தெருவில் நடக்கவும் ஆரம்பித்தான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்குள் மா சான் ஆலைக்குத் திரும்பிவிட்டாள். கடனைக் கட்டி முடிக்க அதற்கு அப்புறமும் வெகுகாலம் ஆனது. ஆனால் கட்டி முடித்தாள். ஊ போ சீன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வட்டி வாங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் தூள் எடுக்கப் போனபோது, அதற்கும் விலை வைத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. சயாமாஜீயிடம் சொன்னேன். போகட்டும், இனி அதை ஓடையில் கொட்டமாட்டார் இல்லையா என்றார். விலையை மட்டும் பேசிக் குறைத்துவிட்டு வந்தார்.

அவரோடு வேலை பார்த்த வருடங்களில் பெரிய பெரிய உதவிகளை எல்லாம் அவர் செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் கையில் பணம் இல்லை, அதிகாரமும் கொஞ்சம்தான். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, சூடு எந்த வழியாகப் போகிறது, கடன் எங்கே வளர்கிறது, இந்த மூன்றையும் ஒரே மாதிரி நிதானத்தோடு பார்த்தார். கடன்பட்டவர்களை ஒருநாளும் வார்த்தையால் சின்னவர்களாக்கவில்லை. நான் பல அதிகாரிகளின் கீழ் வேலை செய்திருக்கிறேன், அவர்களிலும் நல்லவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்கு வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே வந்தவர் இவர் ஒருவர்தான்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின குளிர்காலத்தில் நடந்ததோடு முடிக்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். குழந்தை தகப்பனிடம். அவன் படகில் மூட்டை தூக்குகிற ஆள், மலை மாதிரி உடம்பு. நாங்கள் எவ்வளவு சொல்லியும் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான். சயாமாஜீ அவனிடம் வாதாடவில்லை. குழந்தையை என் ரவிக்கைக்குள் கட்டிவிட்டு, சைக்கா நிறுத்தத்துக்கு ஆள் அனுப்பினார்.

மூர்த்தி வந்தான். வண்டியை வாசலில் நிறுத்தினான், கையைக் கழுவினான். யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். என்னிடமிருந்து குழந்தையை வாங்கித் தன் மார்பில் வைத்து, நான் கட்டுவதைவிட நேர்த்தியாக லுங்கியை இழுத்துக் கட்டினான். பிறகு அந்தப் பெரிய மனிதனுக்குப் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். குழந்தையின் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தான். பிறகு மூர்த்தி பர்மியத்தில் சொன்னான்.

"வெக்கம் ஒரு நாள்தான், அண்ணே. அதுக்கப்புறம் இறக்கி வைக்க மனசு வராது."

அந்த மனிதன் மெதுவாகத் திரும்பிக் குழந்தையைப் பார்த்தான். அவன் விரல் சட்டையின் மேல் பொத்தானுக்குப் போனது. நான் உதவி செய்ய எழுந்தேன். சயாமாஜீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"வா, ரூத்," என்றார். "நமக்கு இங்கே வேலை இல்லை. இன்னும் இரண்டு வீடு பாக்கியிருக்கு."